மாசம் அஞ்சு மார்க்

அந்தப் பட்டியலை எழுதியவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததைக் கேட்டுவிட்டு யாரும் என்னை நல்ல டீச்சர் என்று நினைத்துவிடக் கூடாது.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில வருஷங்களில் நடந்தது இது. சிவகாசியிலிருந்து ஏழாயிரம்பண்ணைப் பக்கம் போகிற வழியில் ஒரு பெண்கள் பள்ளி. பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். பி.எட். முடித்த கையோடு அங்கே பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சராகச் சேர்ந்தேன். தற்காலிக வேலை. சம்பளம் பெற்றோர் ஆசிரியர் கழகம் கொடுப்பது. ஏப்ரலோடு வேலை முடிந்துவிடும். ஜூனில் தலைமையாசிரியை மறுபடி கூப்பிட்டால்தான் அடுத்த வருஷம் உண்டு.

எங்கள் மாவட்டத்தில் அப்போது தேர்ச்சி சதவீதம் என்றால் ஊரே பேசும். மே மாதக் கடைசியில் பேப்பரில் ரிசல்ட் வரும்போது விருதுநகர் மாவட்டம் எந்த இடத்தில் இருக்கிறது என்று டீக்கடையில் நிற்கிறவர்கள்கூட விரல் வைத்துத் தேடுவார்கள். மாவட்டத்துக்குள் பள்ளிக்குப் பள்ளி போட்டி. எங்கள் பள்ளி வெளிச்சுவரில், ‘பத்தாம் வகுப்பில் தொடர்ந்து நூறு சதவீதத் தேர்ச்சி’ என்று பச்சைப் பெயின்ட்டில் ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது. 

நூறு எப்படி வருகிறது என்பது சேர்ந்த நான்காவது மாதத்தில்தான் எனக்குத் தெரிந்தது. காலாண்டுப் பரிட்சை முடிந்ததும் தேறாது என்று தோன்றுகிற பிள்ளைகளின் வீட்டில் சொல்லி அனுப்புவார்கள். “டி.சி. வாங்கிக்கோங்க. தனியா எழுதட்டும், ஒண்ணும் மோசமில்லை” என்று தன்மையாகத்தான் சொல்வார்கள். அதட்டல் கிடையாது. வருகிற அப்பா அம்மா எல்லோரும் பட்டாசு ஆலைக்கோ தீப்பெட்டி ஆலைக்கோ அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தவர்கள். தலையை ஆட்டிவிட்டு, காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பட்டியலில் மிஞ்சுகிறவர்கள் எல்லோரும் பாஸ். நூறு.

தலைமையாசிரியையைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். காலை ஏழு மணிக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து கேட்டைத் திறப்பவர் அவர்தான். எந்தப் பிள்ளையின் வீட்டில் என்ன கஷ்டம் என்று பேர் பேராகச் சொல்வார். மாணவிகளுக்கும் ஊராருக்கும் அவர் ‘பெரிய டீச்சர்’. ஒருநாள் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

“கணக்குல யாரு யாரு தேற மாட்டாங்கன்னு உனக்குத் தெரியும்ல? எழுதிக் குடு” என்றார். பிறகு, விடைத்தாள் கட்டை ஒதுக்கி வைத்துக்கொண்டே, “கணக்குல நூறு வந்தாத்தான் உனக்கும் அடுத்த வருஷம் நான் கமிட்டியில பேச முடியும்” என்றார்.

ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, பேப்பர் திருத்துகிற அதே சிவப்புப் பேனாவால் ஆறு பேர் எழுதினேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கை நடுங்கியது, மனசு கேட்கவில்லை என்றெல்லாம் இன்றைக்கு எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பட்டியலைக் கொடுத்துவிட்டு வந்து டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டேன்.

அந்த வாரத்தில் எனக்கு வேறு கவலை இருந்தது. என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். எங்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்போம். அத்தாவுக்கு சிவகாசி பஜாரில் சணல் கடை. வெடிக்குச் சுற்றுகிற சணல், கட்டுப் போடுகிற நூல் எல்லாம் அங்கே மொத்தமாகக் கிடைக்கும். வந்தவர்களும் வியாபாரக் குடும்பம்தான். மாப்பிள்ளையின் அம்மா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேட்டார்.

“வேலை நிரந்தரமாம்மா, டெம்பரவரியா?”

“டெம்பரவரிதான்.”

“டெம்பரவரிக்கா இந்த வெயில்ல அம்புட்டு தூரம் பஸ்ஸுல போயிட்டு வார?” என்று கையை விட்டுவிட்டார். தட்டிப் பார்த்த தேங்காயைத் திரும்பக் குவியலில் வைக்கிற மாதிரி இருந்தது.

அத்தா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “வேலைதான் டெம்பரவரி. பிள்ளை நிரந்தரம்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் அவர்கள் வரவே இல்லை. எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் பொய். என்னை எடை போட்டுவிட்டுப் போனார்களே என்று இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அதற்கு முந்தின நாள்தான் நான் ஆறு பேரை ஐந்து நிமிஷத்தில் எடை போட்டிருந்தேன். அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

ஆறு பேரில் மூன்று பேரின் வீட்டிலிருந்து வந்து, சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். டி.சி. மட்டும் இன்னும் எழுதவில்லை. அடுத்த திங்கட்கிழமை காலை. தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம். பத்தாம் வகுப்புக்குக் காலையில் தனி வகுப்பு உண்டு என்பதால் ஏழரை மணிக்கே பள்ளிக்கு வந்துவிட்டேன். கேட்டுக்கு வெளியே ஆலை வேன் ஒன்று வந்து நின்றது. சீசன் நேரத்தில் அந்த ரோட்டில் நொடிக்கொரு வேன் போகும். எதுவும் பள்ளிக்கூடத்தில் நிற்காது. இது நின்றது. கதவைத் திறந்துகொண்டு பெண்கள் இறங்க ஆரம்பித்தார்கள். இறங்கினார்கள், இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அந்தச் சின்ன வேனுக்குள் இருபது பேருக்குக் குறையாமல் இருந்திருக்கிறார்கள். எல்லோரும் சேலைக்கு மேல் ஆண்கள் போடுகிற முழுக்கைச் சட்டை போட்டிருந்தார்கள். கையில் சோற்று வாளி, வயர்கூடை. குளித்துத் தலைவாரி வந்தவர்கள்தான். ஆனாலும் நகக்கண்களில் அலுமினியப் பவுடர் வெள்ளியாக ஒட்டியிருந்தது.

முன்னால் வந்த பெண் குட்டையாக இருந்தார். நாற்பது வயது இருக்கலாம். 

“பெரிய டீச்சரைப் பாக்கணும்” என்றார்.

பெரிய டீச்சர் வராந்தாவுக்கு வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. “என்னம்மா இது, ஸ்டிரைக்கா?”

“ஐயே, ஸ்டிரைக்கெல்லாம் இல்ல டீச்சர். வேன் ஒண்ணுதான. நான் மட்டும் இறங்கினா அவுக எல்லாரும் உள்ளயே வெந்து கெடக்கணும். அதான் இறங்கிட்டாக. எங்க புள்ளைய டி.சி. வாங்கச் சொல்லி விட்டிருக்கீகளாம். எனக்கு எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாது. என்ன ஏதுன்னு கேட்டுட்டுப் போவோம்னு வந்தேன்.”

எந்தப் பிள்ளை என்று சொன்னார். ஜன்னலோரக் கடைசி பெஞ்சில் இருப்பவள். வருகைப் பதிவில் ‘உள்ளேன் டீச்சர்’ சொல்வதைத் தவிர அவள் குரலை நான் கேட்டதில்லை. அவளைப் பற்றி எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். காலாண்டில் நூற்றுக்குப் பதினொன்று. விரல் நுனிகளில் எப்போதும் காய்ந்த மைதாப் பசை இருக்கும், ராத்திரி வீட்டில் வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டுகிறவள் என்பதால்.

பெரிய டீச்சர் வழக்கமாகச் சொல்வதையே பொறுமையாகச் சொன்னார். பிள்ளை நன்றாகப் படிக்கவில்லை. பொதுத் தேர்வில் தோற்றால் அவளுக்கும் கஷ்டம், பள்ளிக்கும் கஷ்டம்.

“படிக்கலைங்கறது நெசந்தான் டீச்சர், ஒத்துக்கிடுதேன். ஆனா தெரிஞ்ச புள்ளைக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு? தெரியாதுன்னுதான அனுப்புதோம்?”

பெரிய டீச்சர் பதில் சொல்வதற்குள் அந்த அம்மா அடுத்ததைக் கேட்டார்.

“எங்க புள்ள பேரை எழுதிக் குடுத்தது ஆரு?”

பெரிய டீச்சர் என் பக்கம் திரும்பவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனமில்லை. நான் பேசாமல் இருந்திருக்கலாம். இருபது பேர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது பேசாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

“நான்தான்மா. கணக்கு டீச்சர்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கோபமில்லை. இவ்வளவு சின்னப் பெண்ணா என்பதுபோல ஒரு பார்வை.

“கணக்குல எம்புட்டு எடுத்திருக்கா டீச்சர்?”

“பதினொண்ணு.”

“பாஸுக்கு எம்புட்டு?”

“முப்பத்தஞ்சு.”

அவர் கூடையைக் கீழே வைத்தார். கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணினார். “பதினொண்ணு இருக்கு. இன்னும் இருபத்தி நாலு வேணும். பரிச்சை எப்ப?”

“மார்ச் கடைசியில.”

“ஐப்பசி, கார்த்திகை, மார்களி, தை, மாசி. அஞ்சு மாசம் கெடக்கு. மாசத்துக்கு அஞ்சு மார்க்கு எடுத்தா இருபத்தஞ்சு. ஒண்ணு மிச்சம்.” எண்ணிய கையை அப்படியே என் முன்னால் நீட்டினார். “மாசம் அஞ்சு மார்க்கு எங்க புள்ளைக்கு வராதுங்கீகளா, இல்ல உங்களுக்குச் சொல்லிக்குடுக்க வராதுங்கீகளா? ரெண்டுல எதுன்னு சொல்லிருங்க. நான் பேசாம டி.சி.ய வாங்கிட்டுப் போயிருதேன்.”

ரோட்டில் வேன் டிரைவர் ஹாரன் அடித்தார். யாரும் நகரவில்லை. எழுத்துக் கூட்டத் தெரியாதவர் போட்ட கணக்கை, கணக்கில் பட்டம் வாங்கிய நான் போட்டுப் பார்க்கவே இல்லையே என்று நின்றேன். பதினொன்று என்று பார்த்தேன், முப்பத்தைந்து என்று பார்த்தேன். நடுவில் ஐந்து மாதம் இருப்பதைப் பார்க்கவில்லை.

“வரும்” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி, “ரெண்டும் வரும்மா” என்றேன்.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பெண், “எங்க புள்ள பேரும் அதுல கெடக்கு டீச்சர்” என்றார். பக்கத்தில் நின்றவர், “எங்க தங்கச்சி மகளும்” என்றார்.

முதலில் பேசிய அம்மா கூடையை எடுத்துக்கொண்டார். “அப்ப அதுல கெடக்குற எல்லாருக்கும் வரும்ல? ஒருத்திக்கு வர்றது மத்தவளுக்கு வராதா? வாரோம் பெரிய டீச்சர், போர்மேன் வையுவாரு” என்று சொல்லிவிட்டு வேனைப் பார்த்து நடந்தார். ஏறும்போது இருபது பேரும் ஒரே நேரத்தில் ஏதோ பேசிச் சிரித்தது வராந்தா வரை கேட்டது.

பெரிய டீச்சர் உள்ளே போய் உட்கார்ந்தார். பட்டியலை எடுத்து மேஜைமேல் என் பக்கமாகத் தள்ளினார்.

“வரும்னு சொன்னது நீ. நான் சொல்லலை. ஆறு பேரும் உன் பொறுப்பு. இதுல ஒண்ணு போனாலும் கமிட்டி என்னைக் கேட்கும். நான் உன்னைத்தான் காட்டுவேன்.”

“சரிங்க டீச்சர்” என்று பட்டியலை எடுத்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கு அதைக் கிழித்தேனா, எங்கே போட்டேன் என்று இப்போது நினைவில்லை.

அந்த ஐந்து மாதத்தில் நான் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. கணக்கு டீச்சர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் செய்முறை வடிவியலுக்குப் பத்து மார்க், வரைபடத்துக்குப் பத்து மார்க். கை சுத்தமாக இருந்தால் இருபது உறுதி. மிச்சம் பதினைந்தை அங்கங்கே பொறுக்கிக்கொள்ளலாம். பள்ளி விட்டதும் ஆறு பேரையும் முன்பெஞ்சில் உட்கார வைத்து வட்டம் போடச் சொன்னேன்.

முதல் நாளிலேயே எனக்கு ஒரு அதிர்ச்சி. வெளிப்புள்ளியிலிருந்து வட்டத்துக்குத் தொடுகோடு வரைய வேண்டும். முதல் வரிசையில் எப்போதும் எண்பது எடுக்கிற பெண்கள் வரைந்தாலும் கோடு வட்டத்தை லேசாக வெட்டிவிடும், இல்லாவிட்டால் முட்டாமல் நிற்கும். பதினொரு மார்க்காரி வரைந்த கோடு வட்டத்தை ஒரே இடத்தில், ஊசி முனை அளவுக்குத் தொட்டுக்கொண்டு போயிற்று. நான் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். மில்லிமீட்டர் தப்பில்லை. சின்ன வயதிலிருந்து நூல் பிசகாமல் குழாய் சுருட்டிய கை. நான்கு மாதமாக அந்தக் கை என் வகுப்பில் இருந்திருக்கிறது. நான் அதிலிருந்த பசையை மட்டும்தான் பார்த்தேன்.

“இதை யாரு சொல்லிக் குடுத்தா?” என்றேன்.

“இப்ப நீங்கதான டீச்சர் சொன்னீக” என்றாள். அதுதான் அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம்.

குழாய் சுருட்டுவதை அன்றோடு நிறுத்திவிட்டாள். அவள் பங்கையும் சேர்த்து அவள் அம்மாவே ஆலையிலிருந்து வந்த பிறகு சுருட்டினார் என்று பிற்பாடு தெரிந்தது. அந்த அம்மா மாதத்துக்கு ஒரு நாள், காலையில் வேனை நிறுத்தி, இறங்காமல் ஜன்னல் வழியாகவே கேட்பார்.

“டீச்சர், இந்த மாசத்து அஞ்சு வந்துச்சா?”

“ஆறு வந்துச்சு. பதினேழு.”

“ஒண்ணு கூட!” என்று உள்ளே திரும்பிச் சொல்வார். வேனுக்குள் கலகலவென்று இருக்கும். அடுத்த மாதம் இருபத்திரண்டு. அதற்குள் அந்த வேனில் போகிற எல்லோருக்கும் அவள் மார்க் மனப்பாடம். ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து ஆலை வாசலில் போர்மேன்கூட விசாரித்தாராம்.

மார்கழியில் அரையாண்டுப் பரிட்சை வந்தது. பத்தொன்பது வாங்கினாள்.

தாளைக் கொடுத்த மறுநாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நான் பஸ் ஏறி அவள் ஊருக்குப் போனேன். கரிசல் காட்டுக்கு நடுவில் சின்ன ஊர். ஓட்டு வீட்டின் முன்னால் அந்த அம்மா வெயிலில் குழாய்களைப் பரப்பிக் காய வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து, “வாங்க டீச்சர், சாப்பிட்டீகளா?” என்று பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவள் உள்ளேயிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

“என்னைய விட்டிருங்க டீச்சர்” என்றாள். “எங்கம்மா கடைக்குப் போனாக்கூட அஞ்சு மார்க்கு அம்மான்னு கூப்பிடுதாக. எனக்கு ரோட்டுல நடக்க வெக்கமா இருக்கு.”

“எனக்கு வெக்கமா இல்லையேட்டி” என்றார் அம்மா. பிறகு என்னிடம் திரும்பினார். “போன மாசம் இருபத்திரெண்டு. இந்த மாசம் மூணு கொறஞ்சிருக்கு. ஏன் டீச்சர்?”

எனக்குக் காரணம் தெரியும். மாதப் பரிட்சை நான் நடத்திய பாடத்தில் மட்டும். அரையாண்டு முழுப் புத்தகத்துக்கும். இந்த ஆறு பேருக்கும் நான் வடிவியலையும் வரைபடத்தையும் பிடித்துக்கொண்டு மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளி வைத்திருந்தேன். அதைச் சொன்னேன்.

“அப்ப இந்த மூணு கொறஞ்சது எங்க புள்ள தப்பு இல்லை?”

“இல்லை.”

“அதை எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? அவகிட்டச் சொல்லுங்க.”

மாணவியிடம் தப்பு என்னுடையது என்று சொல்கிற பழக்கம் எனக்கில்லை. எந்த டீச்சரும் என்னிடம் சொன்னதுமில்லை. அவள் பக்கம் திரும்பி, “நான் நடத்தாத பாடத்துல இருந்து கேள்வி வந்திருக்கு. உனக்குத் தெரிஞ்சதை எல்லாம் நீ சரியாத்தான் எழுதியிருக்க. தப்பு என்னோடது” என்றேன்.

அவள் கதவிலிருந்து கையை எடுத்தாள். அன்றைக்குத்தான் என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“வடிவியல்ல பத்துக்குப் பத்து போட்டிருந்தீக” என்றாள் மெதுவாக.

“ஆமா. வகுப்பிலேயே நாலு பேருக்குத்தான் பத்து.”

“நாலு பேரா?” என்றார் அம்மா. “அதை ஏன்ட்டி நீ எங்கிட்டச் சொல்லலை?” காய்ந்துகொண்டிருந்த குழாய்களைத் தாண்டி வந்து அவள் முதுகில் ஒன்று வைத்தார். செல்லமாகத்தான், ஆனாலும் சத்தம் கேட்டது. அவள் சிரித்துவிட்டாள். திங்கட்கிழமை எனக்கு முன்னால் பள்ளிக்கு வந்திருந்தாள்.

அதற்குப் பிறகு நானும் விடவில்லை. கணங்கள், அணிகள், ஒரு மார்க் கேள்விகள் என்று ஒவ்வொன்றாக எடுத்தோம். மாசி முடியும்போது ஆறு பேரில் ஒருத்திகூட கணக்கில் முப்பதுக்குக் கீழே இல்லை.

மே மாதக் கடைசியில் ரிசல்ட். அப்போதெல்லாம் சிவகாசியில் இன்டர்நெட் சென்டர் வாசலில்தான் கூட்டம். ஆறு பதிவு எண்களையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போனேன். அத்தாவும் கடையைப் பையனிடம் விட்டுவிட்டுக் கூட வந்தார். ஒவ்வொரு எண்ணாக அடித்துக் கேட்டோம். பாஸ். பாஸ். அவளுடையது நான்காவது. கணக்கில் நாற்பத்தொன்று. நான் சீட்டில் எழுதினேன். எழுதிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி திரையைப் பார்த்தேன். நாற்பத்தொன்றுதான். ஐந்தாவது எண்ணும் பாஸ். ஆறாவது பெண் கணக்கில் முப்பத்தெட்டு. ஆனால் அறிவியலில் ஏழு மார்க் குறைந்து தோற்றிருந்தாள்.

அத்தா சீட்டை வாங்கிப் பார்த்தார். “ஆறுல அஞ்சு” என்றார். என் முகம் வாடியதைப் பார்த்து, “உன் பாடத்துல ஆறுக்கு ஆறு” என்றார்.

வேலை என்ன ஆயிற்று என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். பள்ளியின் நூறு அந்த வருஷம் போய்விட்டது. கமிட்டியில் சத்தம் போட்டார்களாம். ஜூன் முதல் வாரம் பெரிய டீச்சர் சொல்லி அனுப்பினார். என்னைக் காட்டிக்கொடுத்திருப்பார் என்று நினைத்துத்தான் போனேன். அவர் மறுநியமன ஆர்டரை நீட்டினார். “அன்னைக்கு ஆறு பேரையும் அனுப்பியிருந்தா ஆறு பேரும் போயிருப்பாங்க. எனக்கும் கணக்குத் தெரியும்” என்றார். ஒரு நாளும் சிரிக்காதவர் அன்றும் சிரிக்கவில்லை. தோற்ற பெண்ணுக்கு அறிவியல் டீச்சரை வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். உடனடித் தேர்வு எழுதி அவளும் பாஸ் ஆனாள். அடுத்த வருஷம் காலாண்டுக்குப் பிறகு பெரிய டீச்சர் என்னிடம் பட்டியல் கேட்டார், கேட்காமல் இல்லை. எழுதுவதற்கு யாருமில்லை என்றேன். சரி போ என்றார்.

ஆனால் ரிசல்ட் வந்த அன்றைக்கு இதெல்லாம் எனக்குத் தெரியாது. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். நினைத்தும்கூட ஒரு நிமிஷம் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. சாயங்காலம் பஸ் ஏறி அந்த ஊருக்குப் போய் இறங்கினேன். ஊர் முக்கில் அவள் நின்றாள். அவளுக்கு இன்னும் தெரியாது. நான் சொல்ல வாயெடுத்தேன். “அம்மா வரட்டும் டீச்சர். சேர்ந்து கேட்டுக்கிடுதோம்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஐஸ் மாதிரி இருந்தது. கால் மணி நேரம் அப்படியே நின்றோம்.

வேன் வந்தது. நிற்பதற்கு முன்னாலேயே அந்த அம்மா ஜன்னலில் தலையை நீட்டினார்.

“எம்புட்டு டீச்சர்?”

“பாஸும்மா! கணக்குல நாற்பத்தொண்ணு!”

“நாப்பத்தொண்ணா?” அவர் இறங்கி வந்து என் எதிரில் நின்றார். முகமெல்லாம் வெள்ளிப் பவுடர். “முப்பத்தஞ்சுதான கேட்டோம்? ஆறு கூடவா?”

“ஆறு கூட.”

அவர் மகளைப் பார்த்தார். இரண்டு கையாலும் அவள் முகத்தைப் பிடித்தார். எடுத்தபோது அவள் கன்னம் இரண்டும் வெள்ளியாக இருந்தன. அதற்குள் வேனிலிருந்த அத்தனை பேரும் இறங்கி அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி தூக்குவாளி மூடியைத் தட்டினாள், ஒருத்தி குலவை போட்டாள். யாரோ ஓடிப்போய் ஒரு பொட்டலம் சாத்தூர் சேவு வாங்கி வந்து முதல் பிடியை என் கையில் திணித்தார்கள்.

“சரம் வைக்கணும்” என்றார் அந்த அம்மா.

ஊரே பட்டாசு ஆலைக்குப் போகிற ஊர். ஆனால் அங்கே யார் வீட்டிலும் ஒரு வெடி கிடையாது. ஆலையிலிருந்து ஒரு திரியைக்கூட வெளியே கொண்டுவர முடியாது. தீபாவளிக்கே பிள்ளைகளுக்குச் சின்னப் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுப்பதோடு சரி. வேன் டிரைவர் மறுபடி வண்டியைத் திருப்பினார். மெயின் ரோட்டுப் பட்டாசுக் கடைக்குப் போய், எல்லோருமாகப் போட்ட காசில் ஆயிரம்வாலா ஒன்று வாங்கி வந்தார். பெண்கள் அதைப் பிரித்து ரோட்டில் நீளமாக விரித்தார்கள். “பின்னல் நல்லாத்தான் விழுந்திருக்கு. நம்ம ஆலைச் சரக்கு மாதிரி தெரியுது” என்று குனிந்து பார்த்தார் ஒருவர்.

திரியில் அவள்தான் நெருப்பு வைத்தாள். காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்து எனக்கும் அவள் அம்மாவுக்கும் நடுவில் புகுந்து நின்றாள். சரம் வெடித்தது. அது பாதி வெடிக்கும்போது விருதுநகர் போகிற டவுன் பஸ் வந்து, மேலே போக முடியாமல் நின்றுவிட்டது. புகையும் காகிதச் சிதறலும் அடங்கியதும் கண்டக்டர் படியில் தொங்கியபடி கேட்டார்.

“என்னக்கா விசேஷம்? கலியாணமா?”

“பத்தாவது ரிசல்ட்டு! எங்க புள்ள பாஸ்!”

“அடேயப்பா, ஆயிரம்வாலாவா! ஸ்கூல் பர்ஸ்ட்டா, மாவட்டத்துலயே பர்ஸ்ட்டா? எத்தனை மார்க்கு?”

இருபது பேரும் சேர்ந்து சொன்னார்கள்.

“கணக்குல நாப்பத்தொண்ணு!”

கண்டக்டர் ஒரு நொடி விழித்தார். அந்த அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெள்ளி முகத்தோடு, நேராக அவரைப் பார்த்து நின்றார். பஸ்ஸுக்குள்ளிருந்து யாரோ கை தட்டினார்கள். பிறகு பஸ் முழுக்கத் தட்டியது.